குதிகாலுக்கு மேலே விழுந்த அடி

மத்தியானம் இரண்டே கால் மணி இருக்கும். என் இடது குதிகாலுக்கு மேலே யாரோ பின்னாலிருந்து ஓங்கி அடித்தார்கள். மேனேஜரிடம் இப்படித்தான் சொன்னேன். என் வீட்டுக்காரரிடம், சித்தூர் டாக்டரிடம், வீட்டுக்கு வந்து பார்த்தவர்களிடம் எல்லாம் இப்படித்தான் சொன்னேன். அடித்தவள் பெயரையும் சேர்த்தே சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கால் ஆறிவிட்டது. மற்றது ஆறினதா என்று எனக்குத் தெரியாது.

என் பெயர் கஸ்தூரி. வயது நாற்பத்திரண்டு. சித்தூருக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். என் வீட்டுக்காரர் முனிரத்தினம் சித்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வருடத்தில் பத்து மாதம் நான் வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே இருப்பேன். மாம்பழ சீசன் வந்தால் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவேன். லாரியில் வந்து இறங்கும் பெங்களூரா மாம்பழத்தைக் கழுவி, அழுகலைப் பொறுக்கித் தள்ளி, காம்பு வெட்டி மெஷினுக்குள் அனுப்பும் லைனில் பெண்கள் வரிசையாக நிற்போம். நாள் முழுக்க ஈர சிமென்ட் தரை. காலில் கெண்டைக்கால் வரை ஏறும் தட்டையான ரப்பர் பூட்ஸ்.

எங்கள் லைனுக்கு மூன்று வருடமாக லீடராக இருந்தவள் ரேவதி. என்னைவிட ஏழு வயது சின்னவள், பக்கத்து ஊர். போன சீசனில் மேனேஜர், பழத்தின் விவரத்தை டேப்லெட்டில் தட்டிப் போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னை லீடராக்கினார். அன்றிலிருந்து ரேவதி என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள். இரண்டு வாரம் கழித்து ஒருநாள் என்னைக் கடந்து போகும்போது, "தரை வழுக்குது, பாத்து நட அக்கா" என்றாள். இத்தனை நாள் பேசாதவள் எதற்கு இதைச் சொல்கிறாள்? சாயங்காலம் வரை அதையே மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து, "என்ன மிரட்டறா அவ" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

அதற்கு இரண்டாம் நாள்தான் அது நடந்தது. பெல்ட்டில் பழம் சிக்கி, பின்னால் வந்த பழமெல்லாம் தரையில் கொட்ட ஆரம்பித்தது. மெஷினை நிறுத்த வேண்டும். இடது காலை ஊன்றி ஒரே எம்பாக எம்பி ஓடினேன். 'டப்' என்று ஒரு சத்தம். கெண்டைக்காலுக்குக் கீழே அடி விழுந்தது. கை இரண்டையும் ஊன்றி விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் இரண்டடி தள்ளி ரேவதி. அவள் கை வெறுமையாக இருந்தது. என் காலுக்குப் பக்கத்தில் பழம் அள்ளும் ஒரு பிளாஸ்டிக் கிரேட் கவிழ்ந்து கிடந்தது.

"ஏண்டி, கிரேட்டால அடிக்கற அளவுக்கு ஆயிடிச்சா உனக்கு?" என்று கத்தினேன்.

"நான் இன்னாக்கா பண்ணேன்? உன்னத் தொடக்கூட இல்ல."

"அப்ப யாரு அடிச்சாங்க? உன்ன உட்டா இங்க வேற யாரு கீறாங்க?"

லைனில் இருந்த இருபது பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். எல்லோரும் கொட்டுகிற பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். ஒருவரும் என் காலைப் பார்க்கவில்லை. கேமரா எடை போடும் பக்கம் மட்டும்தான் உண்டு. மேனேஜர் வந்தார். நான் ரேவதியைக் கைகாட்டினேன். அன்று சாயங்காலமே அவளை, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்போது கொஞ்சம்கூட வருத்தமில்லை.

சித்தூரில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பு நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் சொன்னார். பாதத்தைக் கீழே அமுக்கச் சொன்னார். வலித்தது, ஆனாலும் கொஞ்சம் அமுக்க முடிந்தது. "சுளுக்குதான்மா. ரெண்டு வாரம் ரெஸ்ட்" என்று சொல்லி, எலாஸ்டிக் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை எழுதினார். அடித்தது யார் என்று நான் சொன்னதை அவர் சீட்டில் எழுதவில்லை. ஃபேக்டரிக்காரர்கள்தானே கூட்டி வந்தார்கள், எல்லாம் பேசி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் வீட்டில் கிடந்தேன். முதல் வாரம் குதிகாலைச் சுற்றி நீலம் பாய்ந்து வீங்கியது. பிறகு வலி குறைந்தது. வலி குறைந்ததுதான் என்னை ஏமாற்றியது. நடக்கிறேன், ஆனால் அந்தக் கால் பலகையைப் போல 'தப் தப்' என்று தரையில் விழுகிறது. படி ஏற முடியவில்லை. குதிகாலுக்கு மேலே தடவினால், விறைப்பாக ஒரு கயிறு இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே போகிற மாதிரி ஒரு பள்ளம். வீக்கம் வடிந்தால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி எண்ணெய் போட்டு உருவிவிட்டாள்.

பார்க்க வந்தவர்கள், "வலி இல்லன்றியே, அப்பறம் இன்னா?" என்று கேட்டார்கள். நான் வேலைக்குப் போகாமல் நடிக்கிறேன் என்று நினைக்கிறார்களோ என்று ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அடிக்கடி வாசலுக்குப் போய் செல்போனில் தணிந்த குரலில் பேசினார். நான் கூப்பிட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். ரேவதி வீட்டு ஆட்களோடு பேசுகிறாரோ, எனக்குத் தெரியாமல் சமாதானம் பண்ணுகிறாரோ என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன்.

ஒருநாள் சுவரில் உயரத்தில் இருக்கும் சுவிட்சைப் போட எம்பினேன். வலது குதிகால் மேலே வந்தது. இடது குதிகால் தரையை விட்டு எழும்பவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எம்பினேன். இல்லை. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார்:

"நாலு நாளா பாத்துக்கினுதான் கீறேன். இது சுளுக்கு இல்ல கஸ்தூரி. என் வண்டில வர ஒரு நர்ஸம்மாகிட்ட போன்ல கேட்டுக்கினு இருந்தேன். திருப்பதிக்குப் போய் காட்டுன்னாங்க. நாளைக்குக் காலைல போறோம்."

வாசலில் தணிந்த குரலில் பேசியது அதுதான். உன்னிடம் சொன்னால் அதற்கும் ஏதாவது சொல்லுவாய் என்றுதான் சொல்லவில்லை என்றார்.

பாகாலா வழியாகப் போகும் பஸ்ஸில், இரண்டு சீட்டைப் பிடித்து என் காலை நீட்டி வைத்துக்கொள்ளச் செய்தார். அவர் நின்றுகொண்டே வந்தார். திருப்பதியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டருக்கு டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை முதலில் கூப்பிட்டார்கள். ஆள் தெரிந்தவர்களை விடுகிறார்கள் என்று முணுமுணுத்தேன். "அவங்க கட்டுப் பிரிக்க வந்தவங்க, அது வேற லைனு" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். சித்தூர் எக்ஸ்ரேயை ஒரு நொடி பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"மஞ்சத்துமேல குப்புறப் படும்மா. பாதம் ரெண்டும் கட்டில் ஓரத்துக்கு வெளிய தொங்கட்டும்."

படுத்தேன். முதலில் வலது கெண்டைச் சதையைக் கையால் பிடித்து அழுத்தினார். நான் ஒன்றும் செய்யாமலே என் வலது பாதம், வண்டி பிரேக்கை மிதிக்கிற மாதிரி ஆடியது. பிறகு இடது கெண்டைச் சதையை அழுத்தினார். பாதம் அசையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினார். அசையவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"யாரோ பின்னால வந்து உதைச்ச மாதிரி இருந்துதா?" என்று கேட்டார் டாக்டர்.

"மாதிரி இல்ல டாக்டர். அடிச்சா. கிரேட்டால."

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"பாக்கல, கதா? எல்லாருக்கும் அப்படித்தாம்மா இருக்கும். யாரும் அடிச்சிருக்க மாட்டாங்க. அது உள்ள நாண் அறுந்துபோற சத்தம்."

ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கெண்டைச் சதையைக் குதிகால் எலும்போடு கட்டிவைத்திருக்கும் தடித்த நாண் ஒன்று உண்டு. நாம் அதை நரம்பு என்போம். அது நரம்பில்லை, சதை எலும்பில் போய் ஒட்டுகிற கயிறு. தமிழில் தசைநாண் என்று பெயர். டாக்டர்கள் இந்த இடத்து நாணை அக்கிலீஸ் டெண்டன் என்கிறார்கள். நடக்க, எம்ப, படி ஏற எல்லாவற்றுக்கும் அதுதான் இழுத்துக்கொடுக்கிறது. அது அறுந்தால் எக்ஸ்ரேயில் தெரியாது, ஏனென்றால் அது எலும்பில்லை. மற்ற சின்னச் சதைகளைக் கொண்டு பாதத்தைக் கொஞ்சம் அமுக்கவும் முடியும். அதனால்தான் சுளுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். நிச்சயம் பண்ணிக்கொள்ள ஸ்கேனுக்கு எழுதினார். ஸ்கேனில் நாணின் இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தது.

"மொதல் நாளே தெரிஞ்சிருந்தா, பாதத்தக் கீழ் நோக்கி வெச்சுக் கட்டுப் போட்டுக்கூட ஒட்ட வெச்சிருக்கலாம், சில பேருக்கு. இப்ப மூணு வாரம் ஆச்சு. முனை ரெண்டும் வெலகிப் போச்சு. ஆபரேஷன்தான் நல்லது."

நான் நம்பவில்லை. ஆபரேஷன் பண்ணுவதற்காகச் சொல்கிறாரோ? யாரும் அடிக்கவில்லை என்று இவ்வளவு தீர்மானமாக எப்படிச் சொல்கிறார்? ஃபேக்டரியில் எவராவது பேசியிருப்பார்களோ?

"அடிச்சாதானே அறும் டாக்டர்? சும்மா எப்படி அறும்?"

அவர் கோபப்படவில்லை. கேள்வி கேட்க ஆரம்பித்தார். அதற்கு முன் குதிகால் வலித்ததா? யோசித்தேன். சீசன் ஆரம்பிக்கும் முன், என் பெண்ணுக்கு நல்ல மார்க் வந்ததற்காகத் திருமலைக்குப் படி ஏறிப் போனேன். தையல் மெஷினில் உட்கார்ந்தே கிடந்தவள், ஒரேயடியாக அத்தனை படி. அதற்குப் பிறகு தினமும் காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் பின்பக்கம் விறைத்துக்கொள்ளும். நாலடி நடந்தால் விட்டுவிடும். விட்டுவிடுகிறதே என்று நானும் விட்டுவிட்டேன். அதே காலோடு லைனில் பன்னிரண்டு மணி நேரம் நின்றேன். அந்த இடத்தில் கொட்டைப்பாக்கு அளவு ஒரு தடிப்பும் இருந்தது.

"மாத்திரை ஏதாவது சாப்பிட்டியா அந்தச் சமயம்?"

இல்லை என்றேன். என் வீட்டுக்காரர், "சாப்பிட்டியே, நீர்க்கடுப்புன்னு மெடிக்கல்ல வாங்கி" என்று சொல்லி, என் பைக்குள் கைவிட்டு, பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் பெயரைப் படித்தார். லெவோஃப்ளாக்சசின்.

"இந்த வகை ஆண்டிபயாடிக் சில பேருக்கு இந்த நாண பலவீனப்படுத்தும். இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே நொந்துபோன நாண், திடீர்னு வேல, தட்ட பூட்ஸ், இதுவும் சேர்ந்திருக்கலாம். கேக்காம வாங்கிச் சாப்பிடாத. சாப்பிடும்போது குதிகால் வலிச்சா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட வா."

அட்மிட் ஆனேன். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குப் பெரிய செலவில்லை என்றார்கள். அதையும் இரண்டு பேரிடம் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டேன்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பாகாலா பக்கத்துப் பள்ளியில் விளையாட்டு சொல்லித்தரும் சுஜாதா டீச்சர். அவருக்கு முந்தின வாரம் ஆபரேஷன் ஆகி, காலில் மாவுக்கட்டு. கட்டுக்குள் பாதம் நடனக்காரியைப் போல முனை கீழ்நோக்கி இருந்தது. எனக்கும் இதேதான் என்று தெரிந்ததும் அவராகப் பேச்சுக் கொடுத்தார்.

"உங்களுக்கு யாரு அடிச்ச மாதிரி இருந்தது?" என்றார். ஏதோ எந்த ஊர் என்று கேட்கிற மாதிரி.

வேண்டுமென்றே என்னை இந்தக் கட்டிலில் போட்டிருக்கிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

"நான் பசங்களோட டென்னிகாய்ட் ஆடிக்கினு இருந்தேன். வளையத்தப் புடிக்க எம்பினேன். பின்னால இருந்து கல்லால அடிச்ச மாதிரி இருந்தது. திரும்பிப் பாத்தேன். ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு நின்னுக்கினு இருந்தா. ஓங்கி ஒரு அற விட்டேன்."

"அவ அடிக்கலையா?"

"அவ கையில என் தண்ணி பாட்டில் இருந்தது. எனக்குக் குடுக்க எடுத்துக்கினு வந்திருக்கா."

டீச்சர் கொஞ்சம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "டாக்டரம்மா சொன்ன அன்னிக்கே அந்தப் பொண்ணு ஊட்டுக்குப் போனேன், ஆட்டோ வெச்சுக்கினு. அவங்கம்மா டீ போட்டுக் குடுத்தாங்க."

மத்தியானம் என் வீட்டுக்காரர் ரசம் சாதம் கொண்டுவந்தார். நான் சாப்பிடவில்லை என்று கெஞ்சினார். எனக்கு வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கிரேட் பட்டிருந்தால் முதலில் பட்டிருக்க வேண்டியது என் கால் இல்லை, ரப்பர் பூட்ஸ்.

"ஊட்டுக்குப் போனா அந்த பூட்ஸப் பாத்துட்டு வா" என்றேன். "பின்பக்கம் எங்கனா கீறல் கீதான்னு பாரு."

அவர் தட்டைக் கீழே வைத்தார். "அன்னிக்கே பாத்தேன். ஒரு கீறல் இல்ல."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நான் ரேவதி பக்கம்னு சொல்லியிருப்ப. சொல்லியிருப்பியா மாட்டியா?"

சொல்லியிருப்பேன். கீழே இருந்த தட்டை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆபரேஷன். முதுகுத் தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, குப்புறப் படுக்க வைத்தார்கள். வலி இல்லை, காலை யாரோ இழுப்பது மட்டும் தெரிந்தது. முகம் தலையணையில். பின்னால் என்ன செய்கிறார்கள் என்று என்னால் பார்க்க முடியாது. சந்தேகப்பட்டே பழகினவளுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. டாக்டரம்மா அது தெரிந்த மாதிரி, ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே செய்தார். நாணின் முனை, தேய்ந்த துடைப்ப நுனி மாதிரி பிரிந்து கிடக்கிறது என்றார். வெளியிலிருந்து வெட்டுப்பட்டால் இப்படிப் பிரியாது, உள்ளேயே நைந்து இழுபட்டால்தான் இப்படிப் பிரியும் என்றார். அப்போதுதான் நான் முழுசாக நம்பினேன். கண்ணீர் தலையணையில் இறங்கியது. மயக்க டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் வார்டில். கால் விரல்களை ஆட்டிக்கொண்டே இரு என்றார்கள். படுத்தே இருந்தால் கெண்டைக்காலுக்குள் ரத்தம் கட்டும். சதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ உடனே சொல்ல வேண்டும் என்றார்கள். சுஜாதா டீச்சர் பல் தேய்க்கிற நேரம்கூட என்னை விரலை ஆட்டச் சொல்லி விரட்டினார். நான் ஆட்டினேன். ஆனால் செய்ய வேண்டிய ஒரு போன் மட்டும் செய்யவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு நாள் தள்ளினேன். ஐந்தாம் நாள் ரேவதிக்குப் போட்டேன். என் குரல் கேட்டதும் கட் பண்ணிவிட்டாள். மேனேஜருக்குப் போட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, சீசனே முடியப் போவுது. இப்ப எதுக்கு அந்தப் பேச்சு, உடும்மா" என்றார்.

டிஸ்சார்ஜ் ஆன இரண்டாம் நாள், மாவுக்கட்டுக் காலைத் தூக்கி ஆட்டோவின் பின்சீட்டில் நீட்டிக்கொண்டு ரேவதி வீட்டுக்குப் போனோம். அவள் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கையெல்லாம் மண். உள்ளே வா என்று சொல்லவில்லை. என்னால் இறங்கவும் முடியவில்லை. அவள் வாசலிலும் நான் ஆட்டோவிலும் இருந்தபடியே பேசினோம். டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். நாண், சத்தம், ஸ்கேன், துடைப்ப நுனி, எல்லாம். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீ சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. உனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

"தப்புதான் ரேவதி. மன்னிச்சிடு."

"அந்த கிரேட்டு எப்பிடி அங்க வந்துதுன்னு கேட்டியா? நீ சாயறதப் பாத்தேன். புடிக்கலாம்னு கையில இருந்தத அப்பிடியே முன்னால வீசிட்டு ஓடியாந்தேன். அதக் காட்டித்தான் என்ன அனுப்பிச்ச."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வந்து எங்கிட்ட சொல்லிட்டா ஆச்சா?" என்றாள் ரேவதி. "இருபது பேரு முன்னால சொன்ன. இருபது பேரு முன்னால சொல்லு."

கையைக் கழுவிக்கொண்டு வந்து முன்சீட்டில், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

ஷிஃப்ட் மாறுகிற நேரத்துக்கு ஃபேக்டரி கேட்டில் வண்டியை நிறுத்தினோம். லைன் பெண்கள் வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். சொன்னேன். ரேவதி என்னை அடிக்கவில்லை, தொடக்கூட இல்லை, நான் சொன்னது தப்பு என்று சத்தமாகச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த கூலி.

"அடிக்காம எப்பிடி அறும்?"

"ரேவதியோட அண்ணங்க வந்து மிரட்னாங்களா?"

"பக்கத்துலயே உக்கார வெச்சுக் கூட்டியாந்து சொல்ல வெக்கறாளே, பாவம்."

நான் கேட்ட அதே கேள்விகள். ரேவதி முகம் இறுகிக்கொண்டே போனது. இதை இப்படியே விட்டால் அவள் பேரில் இன்னும் ஒரு பழி சேர்த்துவிட்டுப் போகிறவளாவேன். செக்யூரிட்டி ஷெட்டில் ஒரு பெஞ்சு இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண்ணை அதில் குப்புறப் படுக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் தாங்கிப் பிடிக்க ஒற்றைக் காலில் நொண்டிப் போய், அவள் கெண்டைச் சதையை அழுத்திக் காட்டினேன். பாதம் ஆடியது. "என் காலு இப்பிடி ஆடல. ஆடாம போனது அடியால இல்ல. காலைல எழுந்தா உங்கள்ல யாருக்குக் குதிகால் புடிச்சிக்குது, சொல்லுங்க" என்றேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மூன்று பேர் கை தூக்கினார்கள். "எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. கவனிக்கல. அதான் அறுந்தது. ரேவதி என்னத் தூக்க ஓடியாந்தா."

பேச்சு அடங்கியது. ஒரு பெண் ரேவதியின் தோளில் கை வைத்தாள். மேனேஜரும் கேட்டுக்குள்ளே நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவரிடம், அடுத்த சீசனுக்கு லைனுக்கு ரேவதியைத்தான் போட வேண்டும், டேப் வேலையை நான் உட்கார்ந்தபடி செய்கிறேன் என்றேன். பார்க்கலாம் என்றார். ரேவதி எங்கள் வண்டியில் திரும்பவில்லை. ரோட்டுக்குப் போய், வந்த பஸ்ஸைக் கைகாட்டி ஏறிவிட்டாள்.

மாவுக்கட்டுக்கு அப்புறம் குதிகாலுக்கு அடியில் அட்டை அட்டையாக ஏற்றிய ஒரு பெரிய பூட்ஸ். வாரங்கள் போகப் போக ஒவ்வொரு அட்டையாக எடுத்து, கீழ்நோக்கி இருந்த பாதத்தை மெல்ல மெல்ல நேராக்கினார்கள். அவசரப்பட்டால் மறுபடியும் அறும் என்று பிசியோதெரபி பெண் பயமுறுத்தியே வேலை வாங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் தூக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. இடது காலால் மட்டும் எம்ப எட்டு மாதம். என் வீட்டுக்காரர் தினமும் எதிரே நின்று எண்ணினார். ஐந்துக்கு மேல் போனால் நிறுத்தச் சொல்லுவார். உண்மையாகத்தான் எண்ணுகிறாரா, கூட்டிச் சொல்லி என்னைச் சந்தோஷப்படுத்துகிறாரா என்று நானும் மனசுக்குள் எண்ணிக்கொள்வேன். அந்தப் புத்தி முழுசாகப் போகவில்லை.

இந்த சீசனில் ரேவதிதான் லைன் லீடர். நான் ஓரமாக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மேனேஜரிடம் கேட்டு எல்லோருடைய பூட்ஸுக்குள்ளும், இரண்டு காலுக்கும், குதிகால் பக்கம் மெத்தென்று ஒரு திண்டு வைத்திருக்கிறோம். முதல் வாரம் யாரையும் முழு ஷிஃப்ட் நிற்க விடுவதில்லை. ரேவதி என்னிடம் வேலைக்கு வேண்டியதைப் பேசுவாள். எத்தனை கிரேட், எந்த லாரி. அதற்கு மேல் கிடையாது. நானும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். ரேவதி வந்து நின்றாள்.

"காலைல எழுந்தா குதிகால் புடிச்சிக்குது. நாலடி நடந்தா பூடுது."

"எத்தினி நாளா?"

"பத்து நாளா." குனிந்து பூட்ஸைத் தளர்த்திக்கொண்டே சொன்னாள்: "உன்ன நம்பிக் கேக்கலக்கா. இது உனக்குத் தெரியும். அதான் கேக்கறேன்."

பூட்ஸைக் கழற்றிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் குப்புறப் படுத்தாள். அவள் கெண்டைச் சதையைப் பிடித்து மெதுவாக அழுத்தினேன். பாதம் நன்றாகவே ஆடியது. குதிகாலுக்கு மேலே விரலால் தடவினேன். கயிறு முழுசாக இருந்தது. ஆனால் ஓரிடத்தில் தடிப்பு, தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள்.

"அறுபடல. ஆனா நொந்து கீது. இன்னிக்கு நிக்காத, என் சீட்ல உக்காரு. செவ்வாக்கிழம திருப்பதிக்குப் போலாம், டாக்டரம்மா இருப்பாங்க. மெடிக்கல்ல எதுவும் வாங்கித் துன்னாத."

அவள் எழுந்திருக்கவில்லை. தலையைத் திருப்பாமல், "இன்னொரு காலையும் பாரு" என்றாள்.